கள்ளன் விட்டுப்போன படங்கள்

அத்தியாயம் 6

“இந்தத் திருடனுக்கு ரசனையே கிடையாது, பாஸ்” என்றாள் கயல்.

மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் அந்தப் பழைய புத்தகம் கிடந்தது. பச்சை அட்டை, முதுகில் தங்க எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. றெனோல்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூசையில் நிற்பவரைப் போலக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பல வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு சேலைக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கயல் சென்னைப் பெண். கணினி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள், காத்திருக்கும் நேரத்தில் இவரிடம் வந்து சேர்ந்தாள். அந்த நேரம் நீண்டுகொண்டே போகிறது.

“ரசனை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறீர்?”

“இப்படி ‘நீர், உம்’னு பேசாதீங்க பாஸ். ராஜா வேஷம் போட்டவர்கிட்ட மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கு.”

“கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.”

“இந்த அம்மா சொல்றதைக் கேட்டீங்கல்ல? கழண்டு வந்த படம் மொத்தம் ஒன்பது. விலை போற நாலையும் விட்டுட்டு, விலை போகாத அஞ்சை எடுத்துட்டுப் போயிருக்கான். இவனையெல்லாம் நம்பி யாராவது கூட்டு சேருவாங்களா?”

‘இந்த அம்மா’ என்று அவள் சொன்னது மதாம் பெல்ரோஸை. சமய வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், உறைந்த கால்வாயைப் பார்த்த ஒரு வீட்டில் தனியாக வாழ்கிறார்; இப்போது அவர்கள் நிற்பது அந்த வீட்டில்தான். புத்தகம் அவருடையது. அதை நம்பி இரவல் கொடுத்தது நிருஷா என்ற ஆராய்ச்சி மாணவிக்கு. நிருஷா தை மாதம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஐந்து படங்கள் இல்லை. அதைத் தானே சொல்லி அழுதிருக்கிறாள்.

ஆனால் றெனோல்டைத் தேடி வந்தவர் மதாமும் அல்ல, நிருஷாவும் அல்ல. நிருஷாவின் தகப்பன் அருமைநாதன். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனிதர். மனைவி செல்வமலர் கார்த்திகையில் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டாள். சேலைக்கடை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, அந்தப் படங்களை நான் எரிச்சுப்போட்டன் எண்டு என்ர மகள் நம்புறாள். வீட்டை விட்டுப் போயிட்டாள். நான் எரிக்கேல்லை. சிவனறிய எரிக்கேல்லை. அதை அவள் நம்பவேணும். வேற ஒண்டும் வேண்டாம்.”

மகள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் கண்ட நாளிலிருந்து அவர் அதன்மேல் கோபமாக இருந்தார். அது என்ன புத்தகம் என்று தெரிந்தால் பல வீடுகளில் அந்தக் கோபம் வந்திருக்கும்.

எழுதியவர் ஆம்ப்ரோஸ் ஹெல்ஸ்டன். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன்காரர். இரகசியச் சங்கங்களில் கூடி, பழைய ஞானங்களைத் தோண்டியவர். உலகத்துப் பழஞ்சமயங்கள் அனைத்துக்கும் அடியில் இருப்பது ஆண் பெண் சேர்க்கையின் வழிபாடே என்று, நண்பர்களுக்கு மட்டும் சில பிரதிகள் அச்சிட்டு எழுதினார். தூண், கோபுரம், மரம், தீ, பாம்பு என எதைக் கண்டாலும் அவருக்கு அது ஒன்றே தெரிந்தது.

மதாம் பிரெஞ்சில் சொன்னதை றெனோல்ட் தமிழில் சொல்ல, கயல் சிரித்தாள்.

“எங்க ஹாஸ்டல்ல இப்படி ஒருத்தி இருந்தா பாஸ். அவளுக்கு எந்த ஜோக்கும் கடைசியில அந்த ஒரே ஜோக்தான்.”

மதாமுக்குச் சிரிப்பின் பொருள் மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்துவிட்டது. “முழுக்கச் சிரித்துத் தள்ளாதே, பெண்ணே” என்றார். “அவர் காலத்தில் சபையில் உடம்பு என்ற சொல்லையே சொல்லமாட்டார்கள். உடம்பையும் கடவுள் தந்ததென்று மனிதர்கள் ஒருகாலத்தில் வணங்கினார்கள் என்று சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. ஆனால் ஒரு குறை. வணங்குகிறவரிடம் போய், நீ என்ன காண்கிறாய் என்று அவர் கேட்டதேயில்லை. இந்தியாவில் கால் வைத்ததில்லை, எகிப்திலும் இல்லை. யாரோ வரைந்து கொடுத்த படங்களைத் தன் அறையிலிருந்து பார்த்து எழுதினார். நிருஷா ஆராய்ந்தது அதைத்தான். அவர் என்ன பார்த்தார் என்பதை அல்ல. எதைப் பார்க்கத் தவறினார் என்பதை.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவள் நல்ல பிள்ளை என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கத்தான் ஆசை. ஆனால் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் இதை விசாரிக்கிறார்கள், என்னையும் கேட்பார்கள். நான் என்ன சொல்வது?”

றெனோல்ட் நிமிர்ந்தார். “படங்கள் வெட்டப்படேல்லை, என்ன மதாம்?”

இல்லை. அந்தப் படங்கள் தடித்த தாளில் தனியாக அச்சிட்டுப் பசையால் ஒட்டப்பட்டவை. நிருஷாவின் கட்டிலருகே சுவரோடு சூடேற்றி. புத்தகம் அதன் பக்கத்தில் கிடந்திருக்கிறது. பனிக்கால வெப்பத்தில் நூறு வருடத்துக்கும் மேலான பசை பொடிப்பொடியாகி, ஒன்பது படங்களும் தாமாகவே கழன்றிருக்கின்றன.

“போனவை எவை?”

மதாம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். இரண்டு சிவலிங்கங்கள். ஒரு அர்த்தநாரீசுவரர். ஒரு அம்மன். கடைசியாக, எகிப்திலிருந்து, மடியில் குழந்தையை வைத்துப் பால் கொடுக்கும் ஒரு தெய்வத் தாய்.

“இருப்பவை?”

கிரேக்கத் திருவிழாக் காட்சிகள் இரண்டு, உரோமாபுரித் தோட்டத்துச் சிலை ஒன்று, ஒரு கல்தூண். கயல் முதல் படத்தை எட்டிப் பார்த்தாள். உடனே சன்னல் பக்கம் திரும்பிக் கால்வாயை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

“அந்த நாலும் எங்க இருந்தது?”

“கடைசிப் பக்கத்துக்குள், நான்கும் ஒன்றாக. எந்தப் பக்கத்துக்கு எதிரே வரவேண்டும் என்று கீழே ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இதுவும் இருந்தது. நிருஷா தான் வைக்கவில்லை என்கிறாள்.”

மதாம் எடுத்துக் காட்டியது மெல்லிய பழுப்புநிறத் தாள். கேக் வேகும் தட்டில் ஒட்டாமல் இருக்க விரிப்பார்களே, அது. ஓரம் கோணாமல் படத்தின் அளவுக்கே வெட்டப்பட்டிருந்தது.

கயல் வாய் திறந்தாள். “திருட வந்த இடத்துல மிச்சத்துக்குப் போர்வை போத்திட்டுப் போயிருக்கான்!”

றெனோல்ட் முதல் தடவையாகச் சிரித்தார். “கயல், இண்டைக்கு நீர் சொன்னதில உருப்படியான கதை இதுதான்.”

*

கார் நகரத்தை நோக்கி விரைந்தது. இருபக்கமும் பனி குவிந்த வயல்கள். கயல் சூடேற்றிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு புத்தகத்திலயிருந்து படம் போகுதெண்டால் ரெண்டு காரணம்” என்றார் றெனோல்ட். “ஒண்டு காசு.”

“காசுன்னா அந்த நாலும்தான் முதல்ல போயிருக்கும்.”

“மற்றது கோபம். இந்தக் கண்றாவியை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறதோ எண்ட கோபம்.”

“அப்பவும் அந்த நாலும்தான் அடுப்புல போயிருக்கும். அதுல ஒண்ணை நான் பார்த்தேன் பாஸ். வேண்டாம், விட்டுருங்க.”

“ஓம். அப்ப அருமைநாதன் அண்ணை எரிச்சிருந்தா, அசிங்கத்தை வச்சுக்கொண்டு சாமியை எரிச்சவர் எண்டு வருது. அந்த மனுசன் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டமாட்டார்.”

“அப்ப அவர் இல்ல.”

“அவரில்லை. ஆக மூண்டாவது ஒரு காரணம் இருக்கு. எடுத்த ஆளுக்கு அந்த அஞ்சும் அசிங்கமாயும் தெரியேல்லை, பெறுமதியாயும் தெரியேல்லை.”

கயல் கையைச் சூடேற்றியிலிருந்து எடுத்தாள். “சாமியா தெரிஞ்சிருக்கு.”

“ஓம்.”

“ஆனா அந்த எகிப்து அம்மா? அவங்க நம்ம சாமி லிஸ்ட்லயே இல்லையே.”

“கீழ எழுதியிருக்கிற இங்கிலீசை வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அவ எகிப்து. வாசிக்கத் தெரியாத ஆளுக்கு, பிள்ளைக்குப் பால் குடுக்கிற ஒரு அம்மன்.” அவர் முன்னால் போன லொறியைத் தாண்டினார். “நாலு படத்தையும் கண்ட இடத்தில வச்சதும் வாசிக்கத் தெரியாமத்தான். ஆனால் சுத்தமாய் வச்சிருக்கு. ஆரோ ஒருத்தரின்ர பொருள், கசங்கக்கூடாது எண்டு.”

ஒருவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவருடைய கை என்ன எடுத்தது என்றே பார்க்கிறோம். அந்தக் கை எதையாவது தாங்கிப் பிடித்திருக்குமோ என்று பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. றெனோல்டின் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது முதலாவதை. அவருடைய செபம் கற்றுக்கொடுத்தது இரண்டாவதை.

*

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் அருமைநாதனின் வீடு. உள்ளே யாரும் சமைக்காத வீட்டின் வாசம். அவர் தேத்தண்ணி போடப் போனார். றெனோல்ட் பின்னால் போய், அனுமதி கேட்டுக்கொண்டே குசினி லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே அதே பழுப்புத் தாள், ஒரு பெரிய சுருளாக.

“மனிசியின்ர” என்றார் அருமைநாதன். “கார்டரியில, அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில, சமைச்சவ. அங்கத்தைப் பிள்ளையளுக்கு வீட்டிலயும் ஏதாவது சுட்டுக்கொண்டு போவா.”

கயலும் றெனோல்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணை, அக்காவுக்கு இங்கிலீசு வாசிக்க வருமோ?”

“பிரெஞ்சு கதைப்பா. பிள்ளையளோட கதைச்சுப் பழகினது. வாசிக்க வராது.”

“நிருஷாவின்ர அறைக்குள்ள போவாவோ?”

அருமைநாதனின் கையிலிருந்த கரண்டி நின்றது. “போறேல்லை. போகவேண்டாமெண்டு பிள்ளை சொன்னது.” பிறகு மகளுக்காக அவசரமாகப் பேசினார். “பிள்ளை கோபத்தில சொல்லேல்லை, தம்பி. அந்தப் புத்தகத்தைத் தாய் கண்டால் மனம் நோகுமெண்டு பயம். ‘அம்மா, இதுக்குள்ள வராதேங்கோ, உங்களுக்கு விளங்காது’ எண்டு சொன்னவள். அதுக்குப் பிறகு இவ தோய்ச்ச உடுப்பையும் கதவடியிலதான் வைப்பா.”

“அவ உள்ள போறேல்லை எண்டுதான் நீங்கள் நினைச்சனீங்கள்” என்றார் றெனோல்ட் மெதுவாக. “படம் காணேல்லை எண்டதும் வீடு முழுக்கத் தேடினனீங்களோ?”

“கட்டிலைப் பிரட்டித் தேடினது.”

“செத்தவீட்டுக்குப் பிறகு, இந்த வீட்டில ஆருமே தொடாத இடம் எது?”

அருமைநாதனுக்குக் கேள்வி விளங்கவில்லை. கயல்தான் பதில் சொன்னாள். “பூஜை ரூம்.”

“ஓம், சாமித்தட்டு” என்றார் அவர். “துடக்கெல்லோ, செத்தவீட்டுத் தீட்டு. விளக்கு வைக்கேல்லை. திரையை இழுத்து மூடினது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிச்சு, ஐயர் வந்து துடக்குக் கழிச்ச பிறகுதான் திறந்தது.”

“திறந்து?”

“எல்லாம் துடைச்சுப் புதுசாக்கினது. பழைய கலண்டர் படங்கள், காய்ஞ்ச பூ, எல்லாத்தையும் அப்பிடியே அள்ளி ஒரு பையில போட்டனான். பார்த்துப் போடேல்லை. அவ வச்ச பூவெல்லோ. கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை, தம்பி.”

சாமித்தட்டில் இப்போது ஒரு புதிய முருகன் கலண்டர் தனியே தொங்கியது.

“அந்தப் பையை என்ன செய்தனீங்கள்?” றெனோல்ட் கேட்டார். “எங்கட வீட்டில குருத்தோலையைக் குப்பையில போடமாட்டம். கோயிலில குடுப்பம். அடுத்த வருசம் அதை எரிச்ச சாம்பலைத்தான் நெத்தியில பூசுவினம். உங்கட முறை என்ன?”

“எங்க ஏரியால தெருமுனை அரசமரத்தடியில சாய்ச்சு வச்சிருவாங்க” என்றாள் கயல். “மழை வந்து கூட்டிட்டுப் போயிடும்.”

“சாமியைப் பழைய பேப்பர் போடுற நீலத் தொட்டியில போடேலுமே?” என்றார் அருமைநாதன். “நானும் கோயிலிலதான் குடுத்தனான்.” சொல்லி முடித்தபின் தான் சொன்னதை அவரே கேட்டார். கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணி சிந்தியது. “ஏன் தம்பி கேக்கிறியள்?”

“சப்பாத்தைப் போடுங்கோ அண்ணை. போய்ப் பாப்பம்.”

கயல் ஏற்கெனவே கைபேசியில் நிருஷாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். படங்கள் கிடைத்துவிடும் போலிருக்கிறது, கோயிலுக்கு வா என்று. நல்ல சேதி என்று எண்ணித்தான் அனுப்பினாள்.

*

கோயிலின் நிலக்கீழ் அறையில் அன்னதானச் சமையல் வாசம் இறங்கியிருந்தது. சப்பாத்துகளை வாசலில் விட்டு, காலுறையோடு உள்ளே வந்தார்கள். சமையலுக்கு உதவும் தொண்டர் வசீகரன் அகப்பையும் கையுமாக வந்து வழிகாட்டினான்.

“பழைய சாமிப் படமோ? இருக்கு, இருக்கு. கோடையில ஐயர் மந்திரம் சொல்லி ஆத்தில விடுவார். இப்ப ஆறு கல்லு மாதிரி. அதால எல்லாத் தெய்வமும் வாழைப்பழப் பெட்டியில வெயிற்றிங்.”

“ஐஸ் உருகுற வரைக்கும் சாமிக்கே விசா கிடைக்கல பாஸ்” என்றாள் கயல்.

சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அத்தனை பலசரக்குக் கடைகளின் கலண்டர்கள், அத்தனை வீட்டுக் கண்ணாடிச் சட்டங்கள். அருமைநாதன் தன் பையைக் கண்டதும் அடையாளம் பிடித்தார். கட்டிய முடிச்சு அவருடையது. தானே அவிழ்த்தார். லட்சுமி வந்தாள், பிள்ளையார் வந்தார், காய்ந்த செவ்வந்தி உதிர்ந்தது. ஒரு கலண்டரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பழுப்புத் தாளில் சுற்றிய ஐந்து தடித்த தாள்கள் வந்தன.

லிங்கங்கள் இரண்டிலும் சந்தனம் பூசியிருந்தது. அர்த்தநாரீசுவரரின் ஒரு பாதியில் திருநீறு, மறு பாதியில் குங்குமம். ஹெல்ஸ்டன் தன் அறையிலிருந்து பெரிய விளக்கமெல்லாம் எழுதி வைத்திருந்த அந்தப் படங்களுக்கு, ஒரு சமையல்காரப் பெண் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

கயல் கைதட்டப் போனாள். அருமைநாதனின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

அவர் பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, அவ எனக்குச் சொன்னவ.”

“என்ன சொன்னவ?”

“நான் ரீவி பார்த்துக்கொண்டிருந்தனான். ‘பிள்ளையின்ர அறையில சாமிப் படங்கள் நிலத்தில கிடக்குது, கால் படுகுது’ எண்டு சொன்னவ. பொறுக்கிச் சாமித்தட்டில வச்சிருக்கிறாவாம். அறைக்குள்ள போனதை அவளுக்குச் சொன்னால் ஏசுவாளாம், தான் சொல்லமாட்டாவாம். அவள் வெளியில போற நாள் பார்த்துத் திருப்பி வைக்கிறனெண்டு சொன்னவ. நான் ‘ம்’ எண்டனான். காது குடுக்கேல்லை. அடுத்த கிழமை அவ இல்லை. இப்ப இந்தத் தாளைக் கண்டாப் பிறகுதான் ஞாபகம் வருது.”

மூன்று பேர் சேர்ந்து செய்த களவு அது. மகள் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், தாய் பொறுக்கி எடுத்தாள், தகப்பன் கொண்டுபோய்க் கொடுத்தார். மூவரில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. துப்பறிகிறவருக்கு இப்படிப்பட்ட வழக்கைப்போலத் துன்பமானது வேறில்லை. பிடித்துக் கொடுக்க ஒருவரும் இல்லை.

மேலே வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அருமைநாதன் எழுந்து றெனோல்டின் கையைப் பிடித்தார்.

“தம்பி, ஒரு உதவி. நான்தான் எடுத்தனெண்டு சொல்லுங்கோ.”

“அண்ணை! நீங்கள் எடுக்கேல்லை எண்டு காட்டத்தானே என்னட்ட வந்தனீங்கள்?”

“ஓம். இப்ப அது வேண்டாம். தாயை அறைக்குள்ள வராதேங்கோ எண்டு சொன்னவள். தாய் ஒளிச்சு வந்து, சொல்லப் பயந்து செத்துப்போனவ எண்டு தெரிஞ்சால் பிள்ளை தாங்குவாளோ? என்னில கோபமாய் இருக்கட்டும். நான் உயிரோட இருக்கிறன், கோபம் ஒருநாள் ஆறும்.”

பொய்களைப் பிடித்தே சோறு தின்ற றெனோல்ட், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்க்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நிருஷா படிகளில் இறங்கி வந்தாள். மொன்றியலில் பிறந்து வளர்ந்த பெண். குளிரங்கியைக்கூடக் கழற்றவில்லை. கயலின் கையிலிருந்த படங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, தகப்பனைக் கண்டதும் இறுகியது.

“நான்தான் பிள்ளை” என்றார் அருமைநாதன், யாரும் கேட்குமுன்னமே. “கோபத்தில எடுத்தனான். எரிக்க மனம் வரேல்லை. இஞ்ச கொண்டுவந்து போட்டுட்டன்.”

“நான் சொன்னனான்தானே!” அவள் குரல் உடைந்தது. “எத்தினை தரம் கேட்டனான் அப்பா? சத்தியம் பண்ணினனீங்கள்! அம்மாட படத்துக்கு முன்னால நிண்டு சத்தியம் பண்ணினனீங்கள்!”

அவர் தலைகுனிந்து நின்றார். கயல் றெனோல்டைப் பார்த்தாள். செய்யத் தெரிந்த ஒன்றை மட்டும் செய்தாள். படங்களை நிருஷாவிடம் நீட்டினாள்.

நிருஷா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சந்தனம். திருநீறு. குங்குமம். விரல் மெல்ல மெல்லத் தயங்கியது. கடைசிப் படம் அந்த எகிப்தியத் தாய். நெற்றியில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. மடியிலிருந்த குழந்தையின் கன்னத்தில், கொஞ்சம் ஓரமாக, சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு.

“அப்பா” என்றாள். “இந்தப் பிள்ளைக்குப் பொட்டு ஆர் வச்சது?”

“நான்தான்.”

“என்னத்துக்கு?”

அவர் விழித்தார். “அது… சும்மா. பேனை பட்டிருக்கும்.”

அவள் விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். விரலில் கறுப்பு ஒட்டியது. கண்மை.

“நாவூறு படக்கூடாதெண்டு” என்றாள் நிருஷா. “கார்டரியில எல்லாப் பிள்ளையளுக்கும் அம்மா வச்சுவிடப் பார்ப்பா. வைக்கவேண்டாமெண்டு அங்க சொல்லிப்போட்டினம். எனக்கு… நான் யூனிவேர்சிற்றிக்குப் போகேக்கையும் காதுக்குப் பின்னால வச்சுவிட வருவா.” அவள் நிமிர்ந்தாள். “அப்பா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அம்மா வந்திருக்கிறா. என்ர அறைக்குள்ள வந்திருக்கிறா.”

நிருஷா குளிரங்கியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதாள். வசீகரன் அகப்பையை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

றெனோல்ட் படிக்கட்டுக்குப் போய் மதாம் பெல்ரோஸை அழைத்தார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். படங்களில் கறை இருக்கிறது, எடுக்க முடியுமா என்று தெரியாது, விலை குறைந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை.

மதாம் ஒன்றுதான் கேட்டார்: “அந்தக் குழந்தைக்கு ஏன் கறுப்புப் புள்ளி?”

“பாக்கிறவையின்ர கண் படாமல் இருக்க, மதாம்.”

“ஹெல்ஸ்டன் அந்தப் படத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினார், அதில் ஒரு பிள்ளை இருப்பதை மட்டும் பார்க்கவில்லை” என்றார் அவர். “துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை நானே நிருஷாவோடு போகிறேன். அந்த ஐந்தும் புத்தகத்துக்குள் போகவேண்டாம். அவளிடமே இருக்கட்டும்.”

றெனோல்ட் திரும்பி வந்தபோது அருமைநாதனும் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியுள்ள மனிதர்; எப்படி இறங்கினாரோ. நிருஷா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். மதாம் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் அவள் மனம் அங்கே இல்லை.

“அப்பா” என்றாள். “அம்மா ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அருமைநாதன் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். “சொல்லத்தான் இருந்தவ, பிள்ளை. ‘அவள் வரட்டும், ரெண்டுபேரும் இருந்து பாப்பம், எனக்கு விளங்கப்படுத்துவாள்’ எண்டு சொன்னவ. சந்தோசமாய்த்தான் சொன்னவ. நேரந்தான் கிடைக்கேல்லை.”

இந்தத் தடவை அவர் குரல் தடுமாறவில்லை. கண்ணும் தாழவில்லை. நிருஷா அவர் முகத்தையே பார்த்தாள், பார்த்துக்கொண்டேயிருந்தாள், பிறகு மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அவர் அன்று சொன்ன இரண்டாவது பொய். அந்த அறையில் துப்பறிகிறவர்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் தங்கள் காலுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.